எட்டு மணிக்கு ஒரு வார்த்தை

எங்கள் ஆபீஸில் அவருக்கு 'ஜாக்கிரதை' என்று பெயர். ஸ்டோர் கீப்பர். ஸ்டோர் ரூமைப் பூட்டுவார், பூட்டை இழுத்துப் பார்ப்பார், நாலடி நடப்பார், திரும்பி வந்து மறுபடியும் மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். நான் டெஸ்பாட்ச் செக்‌ஷன். பத்தொன்பது வருஷமாக அவருக்குப் பக்கத்து மேஜை. அந்தப் பூட்டைவிட என் பொறுமைதான் அதிகம் இழுபட்டிருக்கும்.

இப்படிப்பட்ட மனுஷரை வெளிநாட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? அனுப்பினார்கள். புது மெஷினுக்கான உதிரி பாகங்களை அங்கேயே எண்ணிச் சரிபார்த்துப் பெட்டி கட்டவேண்டும், பத்து நாள் வேலை. எண்ணுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. உத்தரவு வந்த நாளிலிருந்து அவரும் தூங்கவில்லை, ஆபீஸில் எங்களையும் தூங்கவிடவில்லை.

பாஸ்போர்ட்டுக்கு ஆறு நகல். வழிப்பறிக்காரன் வந்தால் நீட்டுவதற்கென்று கொஞ்சம் சில்லறையோடு ஒரு பழைய பர்ஸ். ஹோட்டலில் மூன்றாவது மாடி அறைதான் வேண்டுமாம். தரைத்தளம் என்றால் ஜன்னல் வழியாக யாராவது ஏறுவான், ரொம்ப உயரம் என்றால் தீப்பிடித்தால் இறங்க முடியாது. கதவுக்கு முட்டுக் கொடுக்க ஒரு மர ஆப்பு. முக்கியமான போன் நம்பர்களைச் சீட்டில் எழுதி ஷூவுக்குள் அட்டைக்கு அடியில் வைத்தார்.

"பையைத் திருடுவான், பர்ஸைத் திருடுவான். கால்ல போட்டிருக்கிற ஷூவையா சார் திருடுவான்?"

"திருடனுக்கே தனி பர்ஸ் எடுத்து வெச்ச ஆளு நீங்கதான்யா" என்றேன். கேன்டீனில் அன்றைக்கு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு பழுப்புக் கவரைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஒட்டி, மேலே டேப் போட்டு, டேப்பின் மேல் குறுக்கே கையெழுத்தும் போட்டிருந்தார்.

"சார், தினமும் நம்ம நேரம் ராத்திரி எட்டு மணிக்கு 'பத்திரம்'னு ஒரு வார்த்தை அனுப்புவேன். பொண்ணுக்கும் அனுப்புவேன், உங்களுக்கும் அனுப்புவேன். ஒன்பது மணி வரைக்கும் வரலேன்னா இந்தக் கவரைத் திறங்க. என்ன செய்யணும்னு உள்ள இருக்கு."

"யோவ், பத்து நாளுக்கு இவ்வளவு அமர்க்களமா?"

"தேடறதுக்கு ஒரு ஆள் இருக்குன்னு தெரிஞ்சா போதும் சார். நிம்மதியா போயிட்டு வந்துடுவேன்."

அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் வருஷாந்திரக் கணக்கெடுப்பு நாளில், விதிப்படி போனை லாக்கரில் வைத்துவிட்டு, போல்ட்டும் நட்டும் எண்ணிக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் மனைவி குளியலறையில் விழுந்து கிடந்தாள். அவர் போய்ப் பார்த்தபோது ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது; உயிர் இல்லை. அதற்கப்புறம்தான் பூட்டை இரண்டு தடவை இழுத்தவர் நாலு தடவை இழுக்க ஆரம்பித்தார். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் "சரி சரி, பாத்துக்கறேன்" என்று கவரை இழுப்பறையில் போட்டு, அதன்மேல் டிபன் பாக்ஸை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை போனார். அன்று எட்டு மணிக்கு 'பத்திரம்' வந்தது, பார்த்தேன். சனிக்கிழமையும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தால் அவர் குரல், மூச்சு வாங்க.

"சார், நான்தான். எனக்கு ஒண்ணும் ஆகலை. நல்லா இருக்கேன். போலீஸ்ல சொல்லிட்டீங்களா? சொல்லியிருந்தா வாபஸ் வாங்கிடுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது காது இரண்டும் சுட்டது. செவ்வாய்க்கிழமை காலையிலேயே அவர் போன் வாஷ்பேசினில் விழுந்து செத்துவிட்டது. இரண்டு ராத்திரி எட்டு மணி தாண்டிப் போயிருக்கிறது. நான் அந்த இரண்டு ராத்திரியும் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கியவன்.

"இல்ல... இன்னும் போலீஸுக்குப் போகலை" என்றேன். "ஹோட்டலுக்குத்தான் விடாம அடிச்சிட்டிருக்கேன். லைனே கிடைக்கலை."

எப்படித்தான் வாயில் வந்ததோ தெரியவில்லை, பாவி.

"கிடைக்காது சார். அங்க எப்பவும் போனை எடுக்கவே மாட்டாங்க, நானே பாத்தேன்" என்று என் பொய்க்கு அவரே முட்டுக் கொடுத்தார். "பொண்ணு பதறிப்போயிருப்பா. முதல்ல அவகிட்ட சொல்லிடுங்க சார்."

மகளுக்கு அடித்தேன். "அப்பா கிளம்பிட்டாரா அங்கிள்? இந்த வாரமா?" என்றாள். பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அப்பா தினமும் கேஸை மூடு, கதவைப் பூட்டு என்று பத்து செய்தி அனுப்புகிறார் என்று எப்போதோ மியூட்டில் போட்டாளாம். அப்புறம் அழ ஆரம்பித்தாள். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க அங்கிள்." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? "சொல்லமாட்டேம்மா" என்று வைத்துவிட்டேன்.

அந்த இரண்டு நாள் எப்படிப் போனது என்று அவர் திரும்பி வந்த பிறகு சொன்னார். அந்தத் தொழிற்சாலைக்கு இரண்டு நாள் விடுமுறை. ஷூவைக் கழற்றிப் பார்த்தால், முந்தின நாள் மழையில் நடந்ததில் சீட்டு கூழாகியிருந்தது. மீதி எல்லா நம்பரும் ரொம்பப் பத்திரமாக என் டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்தது. ஹோட்டல் போனில் வெளிநாட்டுக்குப் பேச முடியாது. தெருவில் யாரிடமாவது கேட்கலாம் என்றால், தனியாக வந்திருப்பதை யாரிடமும் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவரே போட்டுக்கொண்ட சட்டம். ஒரு பேக்கரி வாசலில் மூன்று தடவை நின்றிருக்கிறார். மூன்று தடவையும் பன் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார்.

அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரைப் பார்த்த ஜன்னல். கதவுக்கு ஆப்பை வைத்துவிட்டு, வராந்தாவில் காலடி கேட்கும்போதெல்லாம் எழுந்து உட்காருவாராம். யாராவது தேடி வந்தால் பனியனோடு நிற்கக் கூடாதென்று இரண்டு ராத்திரியும் பேண்ட் சட்டையோடே படுத்திருந்தாராம். வியாழக்கிழமை தொழிற்சாலை திறந்ததும் முதல் வேலையாகப் போனைக் கேட்டிருக்கிறார். மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே நம்பர், இத்தனை வருஷம் ஒவ்வொரு சலானிலும் எழுதிய ஆபீஸ் நம்பர்.

"பயமாத்தான் இருந்துச்சு. ஆனா அங்க நீங்க ரெண்டு பேரும் தேடிட்டிருப்பீங்கன்னு நெனச்சுக்குவேன். அப்புறம் கொஞ்சம் கண் அசரும்" என்றார்.

இதைக் கேட்பதற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்திருந்தேன். அவர் திங்கட்கிழமை வருகிறார் என்று தெரிந்ததும் எனக்கு உதறல் எடுத்தது. ஒட்டினது ஒட்டினபடி இருக்கிற கவரைப் பார்த்தால் என்ன நினைப்பார்? சனிக்கிழமை எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு கவரைக் கிழித்தேன்.

உள்ளே போன் நம்பர்கள், ஹோட்டல் முகவரி, டிக்கெட் நகல், புதிதாக எடுத்த போட்டோ. ரத்த வகை. அங்க அடையாளம், இடது மணிக்கட்டில் மச்சம். கொண்டுபோன சட்டைகள் ஆறு, நிறம் வாரியாக, அதில் நீலக் கட்டம் போட்டதற்கு ஒரு பட்டன் இல்லை என்பது வரைக்கும். 'முதலில் பதற வேண்டாம். மகள் போனை எடுக்காவிட்டால் குழந்தையோடு இருப்பாள், கோபிக்க வேண்டாம். தொந்தரவுக்கு மன்னிக்கவும்.' கடைசியில், ஸ்டோர் கீப்பர் புத்தி எங்கே போகும், கோடு போட்டு ஒரு கட்டம்: கவர் திறந்த நாள், மணி, திறந்தவர் கையெழுத்து.

பேனாவை எடுத்தேன். பிறகு 'செவ்வாய், ஒன்பது ஐந்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை வந்தார். எனக்கு ஒரு சாக்லேட் டப்பா வாங்கி வந்திருந்தார். அந்த இரண்டு நாள் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, கவரைக் கேட்டார். கிழிந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தார். தாளை எடுத்து, கட்டத்தில் எழுதியிருந்ததை விரலால் தொட்டுப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவ விழுந்த அன்னிக்கு நான் போக அஞ்சு மணி நேரம் ஆச்சு. நீங்க அஞ்சு நிமிஷத்துல திறந்திருக்கீங்க சார்."

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். நான் சொல்லவில்லை.

"ஊர்ல இருக்கிறப்பவும் அந்த ஒரு வார்த்தையை அனுப்பட்டுமா சார்? நான் தனியாத்தானே இருக்கேன்" என்று தயங்கிக் கேட்டார்.

"அனுப்புங்க" என்றேன்.

அது ஆகிறது எட்டு மாசம். தினமும் எட்டு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வந்ததும் 'பார்த்தேன்' என்று பதில் போடுகிறேன். அவர் மகளுக்கும் சொல்கிறேன். இப்போதெல்லாம் அவளே சில நாள் முந்திக்கொண்டு கேட்கிறாள்.

இன்றைக்கு எட்டு மணிக்கு வரவில்லை. எட்டே கால் ஆகிவிட்டது. இரண்டு தடவை அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. சார்ஜ் தீர்ந்திருக்கும், ஒன்பது வரைக்கும் பாருங்களேன், சாப்பாடு ஆறுகிறது என்கிறாள் என் மனைவி. வாஸ்தவம்தான், தீர்ந்திருக்கும். அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.