எட்டுப் பேரும் ஒன்றாக எழும்பிய படம்

கல்யாண சீசனும் பட்டாசு சீசனும் சேர்ந்து வந்தால் சிவகாசியில் போட்டோக்காரன் மனுஷனாக இருக்க முடியாது. அந்த ஆவணியில் முகூர்த்தம் முகூர்த்தமாக நின்று என் இடுப்பு கழன்றுபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒருநாளாவது நீட்டிப் படுக்கலாம் என்றிருந்தேன். பாலே நடனம் சொல்லிக்கொடுக்கும் டீச்சரம்மா போனில் பிடித்துவிட்டார்.

அவர் சென்னைக்காரர். வெளிநாட்டில் பாலே கற்றவர். பக்கத்திலிருக்கும் விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலைக்குப் போகும் எட்டுப் பெண்களைச் சேர்த்து, ஞாயிறுதோறும் கல்யாண மண்டபத்துப் பந்தி ஹாலில் ஆட வைத்துக்கொண்டிருந்தார். ஆறு நாளும் குனிந்து உட்கார்ந்து திரி செருகும் பிள்ளைகளை ஏழாம் நாள் கால் விரல் நுனியில் நிற்கச் சொல்வது என்ன நியாயம் என்று எனக்குத் தோன்றும். பிள்ளைகளே விழுந்தடித்துக்கொண்டு வரும்போது எனக்கென்ன வந்தது?

சென்னையில் ஒரு நடன விழாவில் இவர்களைச் சேர்க்க வேண்டுமென்றால் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் இருக்கிற படம் ஒன்று அன்று சாயங்காலத்துக்குள் போக வேண்டும். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டது. மற்றவர்களைவிட முன்வரிசையில் ஆடுகிற பெண்ணுக்குத்தான் தவிப்பு அதிகம். தீபாவளி கழிந்ததும் அவளுக்குக் கல்யாணம். "அதுக்குள்ள ஒரே ஒரு மேடை அண்ணாச்சி, அம்புட்டுதான்" என்றாள்.

அவளை எனக்கு முன்பே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளும் அவள் அக்காவும் வேலை பார்த்த ஆலையில் வெடித்தது. இவள் பிழைத்தாள். அக்காவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தது நான்தான். இந்த ஊரில் கல்யாணத்துக்கு அடுத்தபடி எனக்கு வருவது அந்த வேலைதான். சலித்துப்போய்விட்டது, சாமி.

ஹாலில் வெளிச்சம் போதவில்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் முகத்தில் நான் பிளாஷ் அடிக்கமாட்டேன். அதனால் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகிற பழைய போகஸ் லைட்டைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அம்மா கை தட்டினார், எண்ணினார், முழங்காலில் கட்டுப்போட்ட காலோடு தானே குதித்தும் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. ஏழு பேர் எழும்பினால் ஒருத்தி தரையில் இருப்பாள். அவள் எழும்பும்போது மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, சீசன் அலுப்பு அப்படி. இடைவேளையில் ஒருத்தி சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

"பக்கத்துல பார்க்காதீங்க. எல்லாருக்கும் ஒரே மூச்சு இருக்கணும்" என்று அம்மா தொண்டை கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பட்டனை அழுத்தியபடியே எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து போகஸ் லைட்டின் பல்பு பளீரென்று மின்னி, டப்பென்று வெடித்தது.

எட்டுப் பேரும் ஹாலில் இல்லை.

அவரவருக்குக் கிட்ட இருந்த வாசல் வழியாகப் போய்விட்டார்கள். தட்டுவதற்குத் தூக்கிய கையோடு அம்மா மட்டும் தனியாக நின்றார். நான்தான் அவருக்கு விளக்கிச் சொன்னேன். வெடிமருந்து அறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது. வெளிச்சத்தைப் பார்த்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு, திரும்பிப் பார்க்காதே. அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெளியே பாத்திரம் கழுவுகிற தொட்டியருகே பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்புக்கு நடுவே ஒருத்தி அழுதுகொண்டும் இருந்தாள்.

அவர்கள் உள்ளே வருவதற்குள் கேமராவைப் பார்த்தேன். வெடித்த வெளிச்சத்தில் ஒரு படம் விழுந்திருந்தது. எட்டுப் பேரும் அந்தரத்தில். ஒரு கால்கூடத் தரையில் இல்லை. கைகள் விரிந்து, கழுத்து நீண்டு, எல்லாருக்கும் ஒரே மூச்சு. என் ஆயுசில் இப்படி ஒரு படம் எடுத்ததில்லை. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வருஷமாகத் தான் கேட்டது இதைத்தான் என்றார். இதையே அனுப்பிவிடலாம், கட்டாயம் மேடை கிடைக்கும் என்றார். எனக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன்.

முன்வரிசைப் பெண் கேமராவை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். படத்தில் அவள் வாய் திறந்திருந்தது.

"அக்காவக் கூப்பிடுதேன்" என்றாள். "அன்னைக்கும் இப்பிடித்தான் கூப்பிட்டுக்கிட்டே ஓடினேன். திரும்பிப் பார்க்கல."

கேமராவை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அம்மாவிடம் கேட்டாள்: "இதப் பார்க்கிறவுக நாங்க ஆடுதோம்னுதான டீச்சர் நெனப்பாக?"

அம்மா ஆமாம் என்று தலையாட்டினார்.

"இத ஆட்டம்னு நெனச்சு கை தட்டிருவாக அண்ணாச்சி. வேண்டாம், அழிச்சிருங்க."

மேடைக்காகத் தவித்தவளே அதைச் சொன்னாள். அம்மாவைப் பார்த்தேன். முழங்கால் கட்டை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டிருந்த அவர், நிமிராமலே, "அழிச்சிடுங்க" என்றார். அழித்தேன். அதன் பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்ததில் சுமாரான ஒன்றை அனுப்பினோம், ஒருத்தியின் கால் தரையில் இருந்தது. இந்த முறை இடமில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது.

கார்த்திகையில் அவள் கல்யாணத்துக்கு நான்தான் போட்டோ. போகஸ் லைட்டும் இல்லை, பிளாஷும் இல்லை, மண்டபத்து ட்யூப் லைட்டிலேயே எடுத்தேன். ஆல்பம் கொடுக்கப் போன அன்று அவள் மாமியார் பிடித்துக்கொண்டார். ஊரில் எல்லார் ஆல்பமும் பளபளவென்று இருக்க, எங்கள் வீட்டுக் கல்யாணத்தை மட்டும் இருட்டுக்குள் எடுத்திருக்கிறீர்களே என்று ஏசினார். நான் ஆல்பத்தை மூடி உறைக்குள் போட்டேன்.

அவள் காப்பியை என் முன்னால் வைத்தாள். "லைட் வேண்டாம்னு நாந்தான் சொன்னேன் அத்தே" என்றாள்.

அவள் அப்படி என்னிடம் சொன்னதே இல்லை.