பூச்சிக்காரியின் வயல்

பூச்சிமருந்துக் கடையில் பத்து வருடம் நின்று மருந்து விற்றவள், அந்த மருந்தே ஆகாது என்று சொல்லிக்கொண்டு அப்பாவின் வயலுக்குத் திரும்பினால் ஊர் சும்மா இருக்குமா? ‘பூச்சிக்காரி’ என்று பெயர் வைத்தது. வைத்தால் வைக்கட்டும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அப்பா போன பிறகு வயல் அவளுக்கும் தம்பிக்கும் பொதுவில் கிடந்தது. மூட்டை மூட்டையாக உரம் கொட்டிக் கெட்டுப்போன மண். மண்வெட்டி போட்டால் ‘ணங்’ என்று திரும்பி வரும். செங்கல் சூளைக்காரருக்கு மட்டும் அதைப் பார்த்தால் வாயூறும். மேல்மண்ணை ஆளுயரத்துக்கு வெட்டிக்கொள்ளக் கேட்டார். தம்பி சரி என்றான், அக்கா முடியவே முடியாது என்றாள். இழுபறி தாங்காமல் மூவருமாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். மருந்தடிக்காமல் மூன்றாம் வருடம் போடும் அவரைக்காய் விளைந்தால் வயல் அவள் இஷ்டம்; விளையாவிட்டால் சூளைக்கு.

இரண்டு வருடம் அவள் சாணமும் இலைதழையுமாகக் கொட்டினாள். பயறு விதைத்து, அது பூக்கும் நேரத்தில் மண்ணுக்கு உரமாகட்டும் என்று அப்படியே மடக்கி உழச் சொன்னாள்.

“விளைஞ்சதை மண்ணுக்குள்ள போட்டு மூடுற ஒரே விவசாயி எங்க அக்காதான்!” என்று டிராக்டரில் உட்கார்ந்தபடி தம்பி தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் உழுதான். வாய்தான் நீளம், அக்கா என்றால் அவனுக்கு உயிர்.

மூன்றாம் வருடம் அவரைப் பந்தல் பூத்தது. கூடவே சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் வந்து கொழுந்தெல்லாம் கறுப்பாக அப்பிக்கொண்டது.

“ஒரே ஒரு தடவை மருந்து அடிச்சிடலாம்க்கா. யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்ல?”

“முதலுக்கே மோசமாயிடும்க்கா!”

“பொறிவண்டு வரும், அது இதுங்களைத் தின்னுடும். நீ கையை வெச்சுக்கிட்டு சும்மா இரு.”

அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

சிவப்பில் கரும்புள்ளி போட்ட பொறிவண்டு வந்தது, முட்டையிட்டது. காய் வாங்க ஒத்துக்கொண்டிருந்த கடைக்காரியைப் பார்க்க அவள் வெளியூர் போயிருந்த அன்று, தம்பி பந்தலுக்குள் எட்டிப் பார்த்தான். கறுப்பாக, முள்முள்ளாக, ஆரஞ்சுப் புள்ளியோடு என்னவோ இலைக்கு இலை ஊர்ந்தது. இருக்கிற பூச்சி போதாதென்று புதுசாக ஒன்றா! அக்கா ஆசைப்பட்ட நிலம் போய்விடுமே என்று பதறினான். பக்கத்து வயல்காரரிடம் மருந்தையும் தெளிப்பானையும் வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு அடித்தான். பாதி வயலில் மருந்து தீர்ந்தது.

அவன் கொன்றது பொறிவண்டின் குஞ்சுகளை. அசுவினியைத் தின்று தீர்க்கப் பிறந்தவை அவை. குஞ்சு தாயைப் போல இருக்காது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? அவளும் சொல்லவில்லை.

வரப்பில் கால் வைத்ததுமே அவள் மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

“யாருடா அடிச்சது?”

“உனக்காகத்தான்க்கா...”

வரப்பிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஆத்திரம் தம்பி மேலா, தன் மேலா என்று அவளுக்கே புரியவில்லை.

அடித்த பாதியில், தின்ன ஆளில்லாததால் அசுவினி முன்னைவிடப் பெருகிக் கொடியைக் கருக்கியது. அடிக்காத பாதியில் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. கருகிய பக்கத்தில் தப்பிய காய்களையும் அவள் விற்கவில்லை. “அந்தப் பக்கம் மருந்து பட்டிருக்கு, வேண்டாம்” என்று கடைக்காரியிடம் நேரிலேயே சொல்லிவிட்டாள். யார் அடித்தது என்று மட்டும் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை.

சேதி கேட்டுச் சூளைக்காரர் வந்து நின்றார். “பாதி வயல் போச்சேம்மா. பேசின பேச்சு பேச்சுதானே?”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் நிலம் தங்கும், தம்பி ஊர் சிரிக்க நிற்பான். அதற்குள் தம்பி டிராக்டரிலிருந்து குதித்து இறங்கினான்.

“போனது நான் திருட்டுத்தனமா மருந்தடிச்ச பாதிங்க. அவ சொன்னபடி விட்ட பாதி அதோ, பந்தல் தாங்காம நிக்குது, கண்ணால பாருங்க. வயல் அவ இஷ்டம். யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்குங்க.”

சூளைக்காரர் நகரவில்லை. “அப்போ என் சூளைக்கு மண்ணு?”

“உங்க வீட்டுக்குக் கீழ தோண்டிக்குங்க,” என்றாள் பூச்சிக்காரி. “வழியை விடுங்க, காய் பறிக்கணும்.”