பதினொரு கட்டத்துக்கு ஒரே கோடு

1. டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை

“டாக்டரம்மா, இங்கிட்டு கொஞ்சம் வாங்க” என்று கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லைங்க என்றால், “அப்ப நர்ஸம்மாவா?” என்பார்கள். நர்ஸும் இல்லைங்க என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “அப்ப டாக்டர் எப்ப வருவாரு?” என்று கேட்பார்கள். பிசிஷியன் அசிஸ்டன்ட் படிக்க வருகிற தம்பி தங்கைகளே, உங்கள் தலையெழுத்தும் இதுதான். பல வருடமாக இதற்குப் பதில் சொல்லி என் வாய் தேய்ந்துவிட்டது.

கறம்பக்குடி பக்கத்தில் கடலை விவசாயம் செய்கிற என் அப்பாவுக்கே இது விளங்கவில்லை. பி.எஸ்சி. முடித்து, திருச்சியில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, எம்.எஸ்சி. சேரப்போகிறேன் என்றபோது தலையைச் சொறிந்தார்.

“இன்னும் ரெண்டு வருஷம் படிச்சாலும் டாக்டர் ஆக மாட்டேங்குற. அப்புறம் எதுக்கு ஆத்தா?”

“டாக்டருக்கு முன்னாடி நோயாளியப் பாக்குற ஆளுப்பா நானு. விசாரிச்சு நான் எழுதி வைக்கிறதப் பாத்துட்டுத்தான் அவரு முடிவெடுப்பாரு.”

“அப்ப நீ தப்பா எழுதுனா?”

“நான் ஏன்ப்பா தப்பா எழுதப்போறேன்?” என்றேன். திமிர்தான், வேறென்ன.

2. எட்டு நிமிடம்

எம்.எஸ்சி. இரண்டாம் வருடம் புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்குப் போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சி. கடைசித் தேர்வு எழுத வேண்டுமானால் ஐந்து துறைகளிலும் பார்த்த கேஸ்களைப் பதிந்துவைக்கும் லாக் புக்கில் அந்தந்தத் துறைத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு வாங்கிவிட்டேன். பாக்கி இருந்தது சர்ஜரி மட்டும். அந்த ஒன்று கிடைக்காவிட்டால் போஸ்டிங்கை முதலில் இருந்து செய்து, ஆறு மாதம் கழித்துத்தான் தேர்வு. தேர்வு முடிந்ததும் திருச்சியில் பழைய மருத்துவமனையிலேயே பெரிய வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மனக்கோட்டை எல்லாம் கட்டி முடித்திருந்தேன்.

சர்ஜரி தலைவரை எல்லோரும் சீஃப் என்போம். முதல் நாளே அவர் சொன்னது ஒன்றுதான். “தையல் கோணலா போட்டா பிரிச்சுப் போட்டுக்கலாம். ஹிஸ்டரி தப்பா எழுதுனா லாக் புக்கைத் தூக்கிட்டு என்கிட்ட வராதீங்க.”

ஹிஸ்டரி என்பது நோயாளியின் முழு விவரம். கேஸ் ஷீட்டில் அதற்குப் பதினொரு கட்டங்கள் உண்டு. சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா, வலிப்பு என்று தொடங்கி, பதினொன்றாவது கட்டத்தில் ‘தற்போது சாப்பிடும் மருந்து’ என்று முடியும். காலை ரவுண்ட்ஸுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேரை முடிக்க வேண்டும். அதற்கு வார்டில் ஒரு குறுக்கு வழி இருந்தது. முதல் கட்டத்தில் ‘நோ’ என்று எழுதிவிட்டு, கடைசிக் கட்டம் வரை சர்ரென்று ஒரே கோடாக இழுத்துவிடுவது. அப்புறம் கேட்பது. நோயாளி ஏதாவது இருக்கிறது என்று சொன்னால் மட்டும் அந்தக் கட்டத்தில் திருத்துவது. சீனியர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள், நானும் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொண்டதோடு விட்டேனா? என்னோடு படித்த முத்துக்குமாருக்கும் எனக்கும் போட்டி. அவனுக்கு ஒரு கேஸுக்குப் பத்து நிமிடம், எனக்கு எட்டு. போகப்போக முதல் நான்கு கேள்விகளை மட்டும் கேட்பேன். நோயாளி நான்குக்கும் இல்லையென்று தலையாட்டினால், மீதி ஏழையும் கோடே பார்த்துக்கொள்ளும். “மின்னல் மாதிரி முடிச்சிடுறீங்க” என்று வார்டு சிஸ்டர் சொன்னபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அப்படி எட்டே நிமிடத்தில் முடித்தவர்களில் ஒருவர் கருப்பையா. இலுப்பூர் பக்கத்து விவசாயி, அறுபதை நெருங்குகிறவர். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ள வந்திருந்தார். கையும் காலும் மெலிந்திருக்க, முகம் மட்டும் உருண்டையாக உப்பியிருந்தது. நல்லா சாப்பிடுகிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அந்த முகத்துக்கு என்ன அர்த்தம் என்று பாடத்தில் படித்திருந்தேன். பரீட்சையில் கேட்டிருந்தால் அரைப் பக்கம் எழுதியிருப்பேன்.

3. அழகம்மாள் கேட்டது

மறுநாள் காலை ரவுண்ட்ஸில் கருப்பையாவின் கேஸை மடமடவென்று ஒப்பித்தேன். சீஃப் தலையசைத்தார். “நல்லது. வெள்ளிக்கிழமை லாக் புக் கொண்டாங்க” என்றார். அன்று புதன்கிழமை. உள்ளுக்குள் நான் குதித்த குதிப்பு கடவுளுக்குத்தான் தெரியும்.

ஒன்பது மணிக்குக் கருப்பையாவை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் மனைவி அழகம்மாள் வார்டு வாசலில் என்னைப் பிடித்தார்.

“தாயி, ஒண்ணு கேக்கணும். அவருக்கு முட்டி வலிக்குப் போடுற செட்டு மாத்திர தீந்து ரெண்டு நாளாச்சு. காலையில எந்திரிச்சதுமே தல சுத்துதுன்னாரு. ஆபரேசன் முடிஞ்சதும் கடையில வாங்கிக் குடுத்துரலாமா?”

“என்ன மாத்திரைம்மா?”

“மெடிக்கல்ல பொட்டலமா மடிச்சுத் தருவாகளே, அதுதான். ஒன்றர வருசமா ரெண்டு வேளையும் போடுறாரு. அது இல்லாட்டி வரப்புல கால் வைக்க முடியாது.”

சுருக்குப் பையிலிருந்து அவர் எடுத்துக் காட்டிய காலிப் பொட்டலத்தில் கடையின் நம்பர் இருந்தது. போன் போட்டேன். கடைக்காரர் முதலில் மழுப்பினார். ஆள் தியேட்டரில் இருக்கிறார் என்று கத்தியதும் குரல் இறங்கியது. “வலிக்கு ஒண்ணு, வயித்துக்கு ஒண்ணு, அப்புறம் ஸ்டீராய்டு ஒண்ணுங்க. கேக்குறாங்க, குடுக்குறோம்.”

மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டால், முகம் அப்படித்தான் உருண்டையாக உப்பும்; உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்துவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிட்டு ஆளை ஆபரேஷன் டேபிளில் ஏற்றினால் பிரஷர் அதலபாதாளத்துக்கு இறங்கலாம். உயிரே போகலாம். நான் கோடு இழுத்த பதினொன்றாவது கட்டத்தில் இருந்தது அதுதான்.

பக்கத்தில் நின்ற முத்துக்குமாருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என் காதருகே வந்து, “பேஷண்ட் மறைச்சிட்டாருன்னு சொல்லிரு. ஆபரேஷனும் நின்னுரும், உன் லாக் புக்கும் தப்பிச்சிரும். யாருக்கு என்ன நட்டம்?” என்றான். கெட்டவன் இல்லை. எனக்காகத்தான் சொன்னான்.

தியேட்டரைப் பார்த்து ஓடினேன். தியேட்டர் வாசலில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. வெளிச் செருப்போடு அதைத் தாண்டக் கூடாது. “செருப்பு! செருப்பு!” என்று சிஸ்டர் அலறியது காதில் விழுந்தது, கால் நிற்கவில்லை. “நிறுத்துங்க டாக்டர்! ஸ்டீராய்டு சாப்பிடுற ஆளு!” என்று கத்தினேன். உள்ளே மயக்க மருந்து டாக்டர், பிரஷர் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு, முதுகில் ஊசி போடாமல் கையை நிறுத்தி வைத்திருந்தார். தெய்வம்தான் அந்தக் கையைப் பிடித்திருக்க வேண்டும்.

சீஃப் ஆபரேஷனை நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். அதற்குள் அழகம்மாளும் என் பின்னாலேயே ஓடி வந்து வாசலில் நின்றார். சீஃப் நேரே அவரிடம் போனார்.

“ஏம்மா, இவங்க விசாரிச்சப்ப ஏன் சொல்லல? ஆளு டேபிள்லயே போயிருந்தா யாரு பதில் சொல்றது?”

அழகம்மாள் கையைக் கூப்பினார். “தெரியலைங்கய்யா. தப்புத்தாங்க. மன்னிச்சிருங்க.”

யாருமே கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனதற்காக அந்த அம்மா மன்னிப்புக் கேட்கிறார். நான் வாயைத் திறக்காமல் நின்றால் போதும், வெள்ளிக்கிழமை கையெழுத்து வந்துவிடும். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம் அப்படியே நின்றேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

“சார், அவங்க மேல தப்பு இல்ல. நான் கேக்கவே இல்ல சார். கோடு போட்டுட்டேன்.”

சீஃப் கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்தார். கட்டம் கட்டமாக விரலை இறக்கிக்கொண்டு வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. “வெள்ளிக்கிழமை வர வேண்டாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

4. மறுபடியும் அதே வார்டு

சைக்கிள் ஸ்டாண்டில் நின்று மூக்கு சிவக்கும் வரை அழுதேன். பிறகு அப்பாவுக்குப் போன் செய்து, “தப்பா எழுதிட்டேன்ப்பா, ஆறு மாசம் போச்சு” என்றேன். “ஒரு போகம் கருகிப்போனா அடுத்த போகம் போடுறதில்லையா? போட்டு எடு ஆத்தா” என்றார்.

போட்டேன். முத்துக்குமார் தேர்வு எழுதி, வேலையில் சேர்ந்து, புது வெள்ளைக் கோட்டோடு வாட்ஸ்அப்பில் படம் போட்டான். வயிறு எரிந்தது, பொய் சொல்லவில்லை. திருச்சி வேலையும் கைவிட்டுப் போனது. நான் அதே வார்டில், அதே சீஃப் முன்னால், எனக்குப் பின்னால் வந்த ஜூனியர்களோடு நின்றேன். “கோட்டக்கா” என்று எனக்குப் பேரே வைத்துவிட்டார்கள்! வைத்தால் வைக்கட்டும். இந்த வார்டில் இன்னொரு கோடு என் கையால் விழாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

எட்டு நிமிடம் இருபது நிமிடமானது. அதற்காகக் கறம்பக்குடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தேன். கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்பதை விட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பதினொன்றாவது கட்டத்துக்கு, “வலி வந்தா என்ன போடுவீங்க? எந்தக் கடையில வாங்குவீங்க? பையில இருக்கிறத எடுங்க, பாப்போம்” என்று கேட்டேன். புடவை முந்தியிலிருந்தும் மஞ்சள் பையிலிருந்தும் பொட்டலம் பொட்டலமாக வெளியே வந்தது. இத்தனை நாள் என் கோட்டுக்கு அடியில் இவை எல்லாம் கிடந்திருக்கின்றன.

கருப்பையாவுக்கு முறையாக மருந்து கொடுத்துத் தயார்படுத்தி, சில வாரங்கள் கழித்து நல்லபடியாக ஆபரேஷன் முடிந்தது. அந்தத் தடவையும் அவர் ஹிஸ்டரியை நான்தான் எழுதினேன். “என்னாத்தா, கல்யாணத்துக்கு மாப்பிள்ள பாக்குற மாதிரி இம்புட்டுக் கேள்வி கேக்குற?” என்று சிரித்தார். அவருக்கு அன்று நடந்தது முழுதும் தெரியும், அழகம்மாள் சொல்லியிருந்தார். ஆனாலும் பதினொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

ஆறு மாதம் முடிந்து லாக் புக்கை நீட்டினேன். சீஃப் என் கேஸ் ஷீட்டுகளைக் கட்டோடு கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாகப் புரட்டினார். அரை மணி நேரம். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். தேர்வு முடிந்ததும் வேலை கொடுத்துக் கூப்பிட்டதும் அவர்தான். இன்றும் அதே வார்டில்தான் இருக்கிறேன்.

இப்போது மாணவர்களின் கேஸ் ஷீட்டுகளை முதலில் சரிபார்ப்பது நான். போன வாரம் ஒரு பெண் கொண்டு வந்தாள். சுறுசுறுப்பான பிள்ளை, என்னை மாதிரியே வேகம். ஷீட்டைத் திறந்தால், மேலிருந்து கீழே வரை அழகாக ஒரு கோடு.

“எல்லாம் கேட்டுட்டுத்தான் மேடம் போட்டேன்.”

“அப்ப பதினொரு தடவை ‘நோ’ எழுதும்மா. ஒவ்வொண்ணுக்கும் அவரு பதில் சொன்னப்புறம் எழுது.”

“பன்னெண்டு பேஷண்ட் மேடம். கை வலிக்குமே?”

“வலிக்கட்டும்.”