"பரிசு வேண்டாம்" என்பதை நம்பிப் போன கல்யாணம்

இன்று பீடோங்கில், என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் கவிதாவுக்குக் கல்யாணம். அழைப்பிதழில் "பரிசு வேண்டாம்" என்று போட்டிருந்தது. நம்பி வெறுங்கையோடு போனேன்.

மேடை ஏறும் வரிசையில் நின்ற பிறகுதான் கவனித்தேன். எல்லார் கையிலும் பெட்டி, இல்லாவிட்டால் மொய்க் கவர். திரும்பிப் போகவும் வழியில்லை. வெட்கத்தில் முகம் எரிந்தது.

கவிதா என் வெறுங்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, நீங்க ஒருத்தர்தான் கார்டை ஒழுங்கா படிச்சிருக்கீங்க! நாங்க இருக்கப் போறது சின்ன ரூம் லா. இதையெல்லாம் எங்க வைக்கிறது?"

அப்போதுதான் மூச்சே வந்தது. நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கிளம்பும்போது மாப்பிள்ளை பின்னாலேயே ஓடி வந்தார். "அக்கா, கார்ல இடமில்ல. தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போங்க" என்று ஒரு ரைஸ் குக்கரைக் கையில் திணித்தார்.

அடுத்த வாரம் பாடாங் மேஹாவில் இன்னொரு கல்யாணம். குக்கரைக் கொண்டு போகலாமா, சொல்லுங்கள்.