லாலியின் வெள்ளைப் பாய்

ஷேலாக் கரையில் ஃபமாவுக்கு யார் மேலும் கோபம் கிடையாது, லாலியைத் தவிர. இரண்டு பேரும் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள்; ஒரே படகில் பாய் இழுக்கப் பழகியவர்கள். இப்போது ஆளுக்கொரு படகு வைத்துச் சுற்றுலாக்காரர்களை ஏற்றுகிறார்கள். ஃபமாவின் பாய் ஒட்டுப் போட்டது, பழுப்பேறியது. லாலியோ போன மழைக்காலத்தில் புதுப்பாய் வாங்கினான். அப்படியொரு வெளுப்பு. கரையில் நிற்கிறவர்கள் அதைத்தான் படம் பிடித்தார்கள். ஃபமாவின் படகு குறுக்கே வந்தால் நகரச் சொல்லிக் கைகாட்டினார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். கார்லா விஷயம்தான் தாங்கவில்லை. இத்தாலியில் பள்ளி ஆசிரியை. வருஷா வருஷம் ஜனவரியில் வந்து, அவன் படகில்தான் பத்தே என்ற தீவுக்கு ஒரு வாரம் போவாள். இந்த முறை, "ஒருநாள் லாலியோட, ஒருநாள் உன்னோட வரேன். பத்தேக்கு யாருன்னு அப்புறம் சொல்றேன்" என்றுவிட்டாள்.

ஃபமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "எனக்காகக்கூட நீங்க இவ்வளவு பொறாமைப்பட்டதில்லையே!" என்று சிரித்தாள் மனைவி முவானாசிதி.

அவனுடைய நாள் வந்தது. அலையாத்திக் காட்டுக் கால்வாய்க்குள் படகை விட்டான். உள்ளே போகிறவர்கள் மரங்களின் வேர் நனைந்திருக்கும்போதே திரும்பிவிடுவார்கள். வேர் வெளியே தெரிந்துவிட்டால், வற்றும் கடல் தண்ணீர் யாருக்காகவும் காத்திருக்காது. இது ஃபமாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"நேத்து லாலி எதுவரைக்கும் கூட்டிட்டுப் போனான்?"

"அந்த வளைவு வரைக்கும்."

"அவ்வளவுதானா? வாங்க, அவன் காட்டாததைக் காட்டறேன்."

வளைவைத் தாண்டினார்கள். செந்நண்டுகளைக் காட்டினான், நாரைக் கூட்டைக் காட்டினான். கார்லா சந்தோஷப்பட்டாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் வேர்களைப் பார்க்கவில்லை. அடிப்பக்கம் சேற்றில் உரசியது. படகு மெல்ல ஒருக்களித்துப் படுத்தது. இனிக் கடல் ஏறும்வரை அங்கேதான்.

வெயில் உச்சிக்கு வந்தபோது, முழங்கால் சேற்றில் ஒருவன் தலையில் சட்டியோடு நடந்து வந்தான். லாலி! கால்வாய் முகப்பில் தன் ஆட்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தவன், உள்ளே போன படகு திரும்பாததைக் கண்டு, தரை தட்டியவர்களுக்கான பங்கை எடுத்து வந்திருக்கிறான். அந்தக் கரையில் எதிரிக்கும் அந்தப் பங்கு உண்டு.

"என்னடா கேப்டன், இங்கயே வீடு கட்டப் போறியா?"

தேங்காய்ப்பால் சோறும் சுட்ட மீனும். கார்லா விரலை நக்கிச் சாப்பிட்டாள். லாலி பேசப் பேச விழுந்து விழுந்து சிரித்தாள். அதுவும் ஃபமாவின் படகில், ஃபமாவின் பலகையில் உட்கார்ந்து! ஃபமாவுக்கு மீன் முள்ளாகவே இருந்தது.

"பத்தேக்கு லாலியோட போறேன், ஃபமாவு. மன்னிச்சுக்கோ," என்றாள் கார்லா.

லாலி திரும்பப் புறப்பட்டபோது ஃபமாவு சட்டியைக் கொடுக்கிற சாக்கில் சேற்றில் இறங்கினான்.

"உனக்குச் சந்தோஷம்தானே?"

"பின்னே? இத்தனை வருஷம் அந்தம்மா உன் படகுல ஏறும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிஞ்சுதுடா. அந்தப் பாயை எதுக்கு வாங்கினேன்னு நெனச்சே?"

ஃபமாவு தன் படகைத் திரும்பிப் பார்த்தான். தன் ஒட்டுப்பாயைப் பார்த்து ஒருவன் எரிந்திருக்கிறான்! அன்று முதல் தடவையாக அவனுக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது. உடனே அடுத்த யோசனை வந்துவிட்டது.

"அந்தப் பாய்த்துணியை எந்தக் கடைல வாங்கினே?"

"சொல்ல மாட்டேன்," என்றான் லாலி, சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு.