பெட்டியில் எழுதியிருந்த ஊர்

பொங்கல் வந்தால் மற்றவர்கள் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். எங்கள் அப்பா டிரங்குப் பெட்டியில் எழுதியிருந்த ஊர்ப் பெயருக்கு வெள்ளையடிப்பார். 'திருநெல்வேலி ஜங்ஷன்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து; மங்க விடமாட்டார். ராணுவ அலுவலக வேலைக்காகப் புனே வந்தவர், ஓய்வு பெற்ற மறுநாளே ரயிலேறப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வும் பெற்றார். புனேயின் கோர்படிப் பகுதிக்குள்ளேயே குவார்ட்டர்ஸிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறினார், அவ்வளவுதான்.

அம்மாவுக்கோ புனேயிலேயே சாங்வி பக்கம் சொந்தமாக ஒரு வீடு வாங்கிவிட வேண்டும். அந்தப் பேச்சை எடுத்தாலே அப்பா, "போகப்போற நமக்கு இங்க எதுக்கு வீடு? அடுத்த வருசம் கெளம்பிருவோம்லா" என்பார். அம்மா அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைப் பேசவிடுவாள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து, எங்கள் பக்கம் ஓடும் கால்வாயை ஒட்டிய பழைய கட்டடம் ஒன்றில் சின்னதாக ஓர் அருங்காட்சியகம் திறக்க ஏற்பாடு நடந்தது. ராஜாக்களின் வாளும் கேடயமும் இந்த ஊரில் வேண்டிய மட்டும் இருப்பதால், கால்வாய்க் கரையோரம் வந்து குடியேறிய சாதாரண ஜனங்களின் சாமான்களைத் தேடினார்கள். பொருள் சேகரிக்க வந்த மராட்டியப் பெண், டிவிக்கு அடியில் விரிப்பைப் போர்த்திக்கொண்டு கிடந்த எங்கள் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டாள். அப்பா ஒரே நிபந்தனையோடு கொடுத்தார்: ஊருக்குக் கிளம்பும்போது திருப்பித் தந்துவிட வேண்டும்.

திறப்பு நாளன்று மூவரும் போனோம். ஈரானி டீக்கடையின் பிஸ்கட் ஜாடிக்கும் ஒரு கூர்க்கா வீட்டுக் கம்பளிக்கும் நடுவில் எங்கள் பெட்டி மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அரைகுறை மராட்டியில் 'இது என்னுடையது' என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் பெட்டி மேல் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு இந்தியில் கேட்டார்: "ஊர் பேரை இவ்வளவு பெரிசா எழுதியிருக்கீங்களே, அப்புறம் ஏன் போகல?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"எனக்கு இங்கதான் பிடிச்சிருக்கு" என்றாள் அம்மா. இத்தனை வருடமும் வீட்டுக்குள் சொல்லாததை அத்தனை கூட்டத்துக்கு நடுவில் சொல்லிவிட்டாள். "நீங்க போகணும்னா போயிட்டு வாங்க. நான் வரல."

அப்பா விருட்டென்று வெளியே போய்க் கால்வாய்க் கரையில் நின்றார். எனக்குப் பயமாகிவிட்டது. அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா மீசையைத் துடைத்துக்கொண்டே வந்தார். டீ குடித்திருப்பார் போல. நேராக அந்த மராட்டியப் பெண்ணிடம் போய், தன் இந்தியில் ஆரம்பித்தார்.

"பெட்டியை நீங்களே வச்சுக்கங்க. பரண்ல பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி இருக்கு. ஊருக்குச் சாமான் கட்டிக்கிட்டுப் போறதுக்காக வச்சிருந்தேன். அதுவும் வேணுமாம்மா?"

அவள் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா மெல்ல அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"டிவி வந்த அட்டைப்பெட்டியும் இருக்கு, சொல்லுங்க" என்றாள்.