ஜல்தி என்றால் பை உனக்கு

வசந்தாவை அறிந்த உங்களுக்கெல்லாம் செய்தி எங்கே வந்ததோ, எனக்கு சரோஜினி நகர் மார்க்கெட்டில் வந்தது. அடுத்த மாதம் மலையேறப் போவதற்காக ஷூ வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு காலில் புது ஷூ, மறு காலில் பழைய செருப்பு. "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே..." என்றாள் போனில் அவள் மகள் அனு. ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, வசந்தா வீட்டுக்குப் போக ஓடிப்போய் ஆட்டோவில் ஏறினேன். "கரோல் பாக். ஜல்தி!" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஏன் என்று எங்கள் ஆபீஸ்காரர்களுக்குத் தெரியும். டெல்லியில் நாங்கள் மூவரும் அடுத்தடுத்த மேஜைகளில் வேலை பார்த்தவர்கள். அதிகாரி அறையிலிருந்து நாள் முழுக்க வரும் ஒரே சொல் 'ஜல்தி', சீக்கிரம். ஓய்வு பெற்றபின் வசந்தாவும் கோமதியும் நானும் வருடா வருடம் ரயிலேறி கன்னியாகுமரிக்குப் போவோம். பக்கத்தில்தான் மருந்துவாழ் மலை. ஏற ஏற, கடல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். முதல் வருடமே வசந்தா சட்டம் போட்டுவிட்டாள். மலையில் யார் வாயிலிருந்து அந்தச் சொல் வருகிறதோ, அவர்தான் பிளாஸ்கும் முறுக்கும் இருக்கிற துணிப்பையை உச்சிவரை தூக்க வேண்டும். "ஏட்டி, மலை எங்கயும் ஓடிராது. மெள்ள வா" என்பாள். நாகர்கோவில் பேச்சை டெல்லி அவளிடமிருந்து பிடுங்கவே முடியவில்லை.

ஒருமுறை ஓணானைப் படமெடுக்கப் பாதையில் குப்புறப் படுத்தாள். மயங்கி விழுந்துவிட்டாள் என்று பின்னால் வந்த ஒரு குடும்பம் பதறி, தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டது. ஓணான் ஓடிவிட்டது. வசந்தா சொட்டச் சொட்ட எழுந்து உட்கார்ந்து, அந்தக் குடும்பத்தையே வரிசையாக நிறுத்திப் படமெடுத்து அனுப்பிவைத்தாள்.

இன்னொரு வருடம் வளைவில் ஒரு பெண்மயில், பின்னால் குஞ்சுகள். அவள் மாதக்கணக்காக ஆசைப்பட்ட படம் அது. கேமராவோடு மூச்சைப் பிடித்து நின்றாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "வசந்தா, எடு, ஜல்தி!" என்று கத்திவிட்டேன். மயில் புதருக்குள் போய்விட்டது. அவள் திடுக்கிட்டுத் திரும்பியதில், படத்தில் விழுந்தது அதிர்ச்சியில் வாயைப் பிளந்த என் முகம். திட்டுவாள் என்று நினைத்தேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "மயில் போனா போட்டும். நீ கிடைச்சேல்லா" என்றாள். கையோடு பையையும் நீட்டினாள்.

அந்தப் படம் அவள் வீட்டுக் கூடத்தில் இன்னும் மாட்டியிருக்கிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் அதைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அழுகிற வீட்டில் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அனு தயங்கிக்கொண்டே கேட்டாள். "அடுத்த மாச டிக்கெட்... கேன்சல் பண்ணிடட்டுமா ஆன்ட்டி?"

கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். வசந்தா இல்லாமல் அந்த மலையில் எனக்கு என்ன வேலை என்றுதான் எனக்கும் தோன்றியது. சுவரைப் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு நானே என்னைப் பார்த்தேன்.

"வேண்டாம்மா, நாங்க போறோம்" என்றேன். "அம்மாவோட அந்தத் துணிப்பையை மட்டும் குடு."

பை இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ஆட்டோவில் சொன்னது மலையில் சொன்னதாகுமா என்று நான் வாதாடலாம். வசந்தாவிடம் அது செல்லாது. தூக்குகிறேனடி, உச்சிவரை நானே தூக்குகிறேன். மெள்ளத்தான் வருவேன்.